ஆள்காட்டியின் வீடு

புல்வெளியை மீட்கிறோம் என்று அதிகாரியும் ஓர் அறக்கட்டளையும் கூட்டுச் சேர்ந்தார்கள். எப்படி மீட்பதாம்? புல்லைத் தோண்டி யூக்கலிப்டஸ் நடுவதாம்! தூ, இதுவும் ஒரு திட்டம்.

ஆடு மேய்க்கும் சடையாண்டி மட்டும் குறுக்கே நின்றான். "மேய்ச்சலும் போயிரும், குருவியும் போயிரும் ஐயா."

அதிகாரி தணிகாசலம் பூட்ஸ் காலால் தரையை மிதித்தார். "வெறுந்தரைடா இது! ஒரே ஒரு உயிர் இங்கே குடியிருக்குன்னு காட்டு. அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். காட்டாட்டி இன்னைக்கே குழி தோண்டுவேன்."

அவர் தலைக்கு மேலே ஓர் ஆள்காட்டிக் குருவி ஓயாமல் கத்திக்கொண்டு சுற்றியது.

"முதல்ல இந்தச் சனியனை விரட்டு!"

"வீட்டுக்காரியை எப்படி விரட்டுறதுங்க? முட்டைகிட்ட ஆள் வந்தாத்தான் அது இப்படிக் கத்தும். குனிஞ்சு பாருங்க."

பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி, கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டை.

கூட வந்திருந்த அறக்கட்டளை அம்மாளும் பார்த்தாள். ஒப்பந்தத்தில் மரம் நடும் வரியை அடித்தாள். ஓரத்தில் மண்டிய சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிப் புல்லை வளரவிடுவது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அதிகாரி கோபத்தில் காலைத் தூக்கினார்.

"பார்த்து வைங்க ஐயா! இல்லேன்னா நகர மாட்டேன்னு சொன்ன மாதிரி அப்படியே நில்லுங்க. குஞ்சு பொரிக்கப் பத்தே நாள்தான்" என்றான் சடையாண்டி.