பத்தாயத்தாரின் பின்வாசல்

வாய்க்கால் ஓரத்து வரப்பில் ஒரு வயல் எலி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. அதற்குப் பத்தாயத்தார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி. நெல்லைக் கண்டால் வாரி வாரிச் சேர்க்கிற குணத்தைப் பார்த்து மற்ற எலிகள் வைத்த பெயர் இது. அதிலிருந்த கேலி அவருக்குப் புரியவில்லை. மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பத்தாயத்தாருக்குத் தனி வளை போதவில்லை. நெல்லுக்கு ஓர் அறை, உளுந்துக்கு ஓர் அறை, என்ன வைப்பது என்று தெரியாமலே தோண்டிப் போட்ட அறை வேறு. அறுப்புக்கு அறுப்பு வளை நீண்டுகொண்டே போனது.

வயல் எலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு சின்ன வளையானாலும் ஒரு பின்வாசல் வைக்கும். மேலே மெல்லிசாக மண் மூடியிருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பாம்பு நுழைந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் தலையால் ஒரு முட்டு முட்டி வெளியே வந்துவிடலாம். பத்தாயத்தார் அந்த வழியிலும் நெற்கதிரைத் திணித்து வைத்திருந்தார்.

அவர் மனைவி வெள்ளச்சி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

"ஏங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு. பின்வாசலையாவது விட்டு வைங்க."

"மழைக்கு இன்னும் நாள் கிடக்கு. அதுக்குள்ள எடுத்துடலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"சும்மா இரு புள்ள. நாளைக்குன்னு நாலு சேர்த்து வைக்கிறது ஒரு குத்தமா?"

அறுப்பு முடிந்த சமயம். களத்தில் கிடந்த வைக்கோல் கட்டு ஒன்றில் நெல் ஒட்டியிருப்பதைப் பார்த்தார் பத்தாயத்தார். விட மனம் வருமா? உள்ளே புகுந்து கொறித்தார். வயிறு நிறைந்ததும் அங்கேயே தூங்கிப்போனார். அந்தக் கட்டோ துறைமுகத்துக்குப் போய், உடையாமல் இருக்கப் பானைகளுக்கு நடுவே செருகப்பட்டு, தோணி ஏறிவிட்டது. கண் விழித்தபோது வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. நாலு பக்கமும் கடல்.

தோணி ஒரு தீவு நாட்டில் நின்றது. நங்கூரக் கயிறு வழியாக இறங்கினார். வெள்ளை மணல். அதில் அங்கங்கே காலிச் சங்குகள் சும்மா கிடந்தன. கேட்க ஆளில்லாமல் கிடக்கிற பொருளைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். தென்னை மரத்தடியில் ஒரு குழி பறித்து, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் உருட்டி உள்ளே தள்ளிவிட்டார். எலிக்கு எதற்குச் சங்கு என்று அவரையே கேட்டாலும் பதில் கிடைக்காது.

காலையில் குழி வாசலில் நண்டுகள் வரிசையாக நின்றன. பெரியது முன்னால், அதைவிடச் சிறியது அதன் பின்னால், இப்படியே கடைசிவரை. ஒவ்வொன்றும் முதுகில் ஒரு சங்கைச் சுமந்திருந்தது. முதல் நண்டுக்குச் சங்கு பற்றாமல் பாதி உடம்பு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஊருக்குப் புதுசு போல இருக்கு. இங்க கிடந்த சங்கைப் பார்த்தீங்களா?" என்றது அது.

"நான்தான் எடுத்து வெச்சேன். உன்னோடதா?"

"யாரோடதும் இல்லண்ணே. எங்க வகைக்கு முதுகுல ஓடு கிடையாது. காலிச் சங்குலதான் குடியிருக்கோம். நான் வளர்ந்துட்டேன், இது இறுக்குது. பெரிசா ஒண்ணு கிடைச்சா மாறிக்குவேன்."

"நீ ஒருத்தன் வீடு மாற இத்தனை பேரு எதுக்கு?"

"ஒண்ணு குடுங்க, காட்டுறேன்."

மனசே இல்லாமல் ஒரு சங்கை வெளியே உருட்டினார். பெரிய நண்டு அதில் நுழைந்துகொண்டது. அது விட்ட சங்கில் அடுத்த நண்டு ஏறியது. அது விட்டதில் அதற்கடுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை மொத்தமும் வீடு மாறிவிட்டது. கடைசியில் குன்றிமணி அளவுக்கு ஒரு சங்கு மிஞ்சியது. இனிமேல் வரப்போகிற குஞ்சுக்கு ஆகும் என்று அதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பின.

"அட, நில்லு. இதைவிடப் பெரிய சங்கு உள்ள இருக்கு. வளர்ந்தா ஆகும், இப்பவே எடுத்துக்கயேன்," என்றார் பத்தாயத்தார்.

"தூக்கணுமேண்ணே. அலை வந்தா ஓட வேண்டாமா?"

நண்டு போய்விட்டது. பத்தாயத்தாருக்குக் கதிர் திணித்த பின்வாசல் நினைவுக்கு வந்தது. ஓடணும் என்றால் வெள்ளச்சி எந்த வழியில் ஓடுவாள்? பிள்ளைகளை எப்படி வெளியே கொண்டுவருவாள்? குழியிலிருந்த சங்கையெல்லாம் வெளியே உருட்டி விட்டார். காற்று திரும்பித் தோணி புறப்படும்வரை, விழுந்த தேங்காயில் அன்றன்றைக்குப் பசிக்குத் தின்றார். காலிக் குழியில் படுத்தால் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் வானத்தில் மேகம் தெரிந்தாலே எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அதே தோணியில் ஏறி ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது வரப்பே கூடிவிட்டது.

"சீமைக்குப் போனவரு என்ன கொண்டாந்தீரு?" என்று கேட்டது பக்கத்து மேட்டு வளையில் இருக்கும் மொச்சையன் எலி.

"ஒண்ணும் கொண்டாரல."

"வெறுங்கையோட திரும்பவா கடல் தாண்டினீரு?"

பத்தாயத்தார் நேரே பின்வாசலுக்குப் போய்க் கதிரை இழுத்து வெளியே போட ஆரம்பித்தார். "வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க," என்றார். கடல் காற்று தலைக்கேறிவிட்டது என்று எலிகள் பேசிக்கொண்டன. பேசிக்கொண்டே தூக்கிக்கொண்டும் போயின.

வெள்ளச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்தாயத்தார் நண்டுக் கதையைச் சொன்னார். முழுசும் கேட்டுவிட்டு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இதைத்தானே நான் இத்தனை நாளா சொன்னேன்? நண்டு சொன்னாத்தான் ஏறுமா?"

"கோவிச்சுக்காத புள்ள. நீ சொன்னப்ப நான் வீட்டுக்குள்ள இருந்தேன். அவ்வளவு தூரம் போய் நின்னப்பதான் நம்ம வீடே எனக்குத் தெரிஞ்சுது."

சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடிகாலையில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் முன்வாசல் வழியாகப் புகுந்தது. கணக்கில்லாமல் தோண்டிய அறைகள் ஒவ்வொன்றாகப் பொதபொதவென்று சரிந்தன. வெள்ளச்சி பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு பின்வழியில் ஓடினாள். பத்தாயத்தார் தலையால் ஒரே முட்டு முட்டினார். மண் விலகி வெளிச்சம் வந்தது.

மேட்டில் ஏறி நின்றபோது குடும்பத்தில் ஒருவரும் குறையவில்லை. மொச்சையன் ஒரு நெற்கதிரை வாயில் கவ்விக்கொண்டு வந்து பிள்ளைகள் முன்னால் போட்டான். பத்தாயத்தார் வாரிக் கொடுத்த கதிர்தான் அது.

"நெல்லு போச்சு, உளுந்து போச்சு. வருத்தமா இருக்கா?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

"இருக்கத்தான் செய்யுது," என்றார் பத்தாயத்தார், நனைந்த கடைக்குட்டியை நக்கித் துவட்டிக்கொண்டே. "ஆனா தூக்கிட்டு ஓட வேண்டியதெல்லாம் இங்கதான் இருக்கு."

தேவைக்கு மேல் சேர்ப்பவன் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறான். அதைக் கண்டுகொள்ள ஒரு முறை கடல் தாண்ட நேர்ந்தாலும் தகும்.