மருதி சொன்ன மூன்று திசைகள்

மூடுபனி லேசில் விலகாத ஓர் ஏரி. அதன் நடுவே ஒரு மணல்திட்டு. அக்கரைக் காட்டிலிருந்து நீந்தி வரும் விலங்குகள் முதலில் அங்கேதான் ஏற வேண்டும். துழாவி என்ற நீர்நாய் அவற்றை விசாரிக்கும். பதில் தெளிவாக இருந்தால் இக்கரைப் புல்வெளிக்குப் போகலாம். குழப்பமாக இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த ஏரியின் சட்டம் அது.

ஒரு நாள் மருதி என்ற புள்ளிமான் நீந்தி வந்தது. கரையேறியும் பின்னங்கால் ஒன்றைத் தண்ணீரிலேயே வைத்திருந்தது.

"எதற்காக வந்தீர்கள் அம்மா?" என்று கேட்டது துழாவி.

"காட்டில் தீ, ஐயா."

"எந்தப் பக்கமிருந்து வந்தது?"

"கிழக்கே." மான் கண்ணை மூடித் திறந்தது. "இல்லை, மேற்கே. நான் ஓடைக்கு ஓடினேன். அங்கேயும் இருந்தது. அது தெற்கு."

பக்கத்தில் இருந்த நாமக்கோழி என்ற நீர்ப்பறவை தலையை ஆட்டியது. பதில்களை நினைவில் வைப்பது அதன் வேலை. "ஒரு தீக்கு மூன்று திசையா? கதை கட்டுகிறாள். அனுப்பிவிடு."

விடிந்ததிலிருந்து பதினொரு பேரை விசாரித்துத் துழாவி களைத்திருந்தது. அதற்கும் அதுவே சரியென்று பட்டது. "நீங்கள் திரும்பிப் போக வேண்டும் அம்மா. பாதி வழி நான் துணைக்கு வருகிறேன்" என்றது.

பால்போன்ற பனிக்குள் இரண்டும் மெல்ல நீந்தின. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. கனவுக்குள் மிதப்பது போலிருந்தது.

பாதி வழியில் காற்று திரும்பியது. மெல்லிய புகை வாசம் வந்தது.

மருதி நின்றுவிட்டது. கிழக்கே திரும்பியது. உடனே மேற்கே. பிறகு தெற்கே. தண்ணீருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. மூச்சு இரைத்தது. அதன் பின்னங்காலில் தோல் கருகி உரிந்திருந்ததைத் துழாவி அப்போதுதான் பார்த்தது.

"தீ சுற்றி வளைத்ததா?" என்று தணிந்த குரலில் கேட்டது.

"எங்கே திரும்பினாலும் அதுதான் ஐயா. என் அக்கா வடக்கே ஓடினாள். அவள் வரவேயில்லை."

மான் சொன்ன மூன்று திசைகளும் உண்மை. துழாவி தன் முதுகை மானின் கழுத்துக்குக் கீழே அணையாகக் கொடுத்து மணல்திட்டுக்கே திருப்பி அழைத்து வந்தது.

"சட்டம் என்ன ஆவது?" என்றது நாமக்கோழி.

"சட்டம் இருக்கட்டும். இவர்கள் முதலில் தூங்கட்டும். காலுக்கு மருந்து போடுவோம். பிறகு கேட்போம்."

மருதி இரண்டு பகல் தூங்கியது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னது. நாமக்கோழி ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. அன்று மாலையே மான் இக்கரைப் புல்வெளியில் மேய்ந்தது.

அதன்பின் அந்தத் திட்டில் யார் ஏறினாலும் முதலில் ஓய்வு, பிறகே விசாரணை என்றானது.

பயந்து வந்தவரிடம் உண்மையைக் கேட்பதற்கு முன், அவருடைய பயம் தணிய இடம் கொடுக்க வேண்டும்.