சுள்ளிக் காவலும் கரிச்சாள் கோபமும்

பறவைகளுக்கெல்லாம் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரையில் ஓர் இலுப்பை மரம் நின்றது. மரம் நிறையக் குடித்தனம். பொந்தில் மைனா, நடுக்கிளையில் புறா, தாழ்ந்த கிளையில் கொண்டைக்குருவி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கரிச்சானும் அவன் பெண்டாட்டி கரிச்சாளும். கரிச்சான் என்றால் தெரியும்தானே? கரிக்கட்டை நிறத்தில், வால் இரண்டாகப் பிரிந்த குருவி. கைக்குள் அடங்கிவிடும் உடம்பு.

எதிர்க்கரைப் பனந்தோப்பில் ஒரு வல்லூறு இருந்தது. அதற்குப் பசித்தால் இந்த மரத்துக்கு வரும். எந்தக் கூடு கண்ணில் படுகிறதோ அந்தக் கூட்டில் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும். இழந்தவள் அழுவாள். மற்றவர்கள் தங்கள் கூட்டுக்கு வரவில்லையே என்று நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

ஒருநாள் மைனாதான் எல்லோரையும் கூட்டியது. பேசச் சொன்னால் மைனாவுக்குத் தண்ணீர்கூட வேண்டாம்.

"இனி ஒரு கூட்டுக்கு வந்தா எல்லாக் கூட்டுக்கும் வந்த மாதிரி. உச்சிக்கிளையில வீட்டுக்கு ஒரு ஆள், முறை போட்டுக் காவல் இருப்போம். காவல்காரர் குரல் கொடுத்தா அத்தனை பேரும் எழும்பணும். சரிதானா?"

"சரிதான்" என்றன எல்லாம்.

சத்தியத்துக்கு அடையாளமாக ஒவ்வொரு பறவையும் தன் கூட்டிலிருந்து ஒரு சுள்ளியை உருவிக்கொண்டு போய் உச்சிக்கிளையின் கவட்டையில் செருகியது. என் வீட்டுச் சுள்ளி இங்கே இருக்கிறது, நானும் இங்கே இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

அடுத்த முறை வல்லூறு வந்தபோது மரமே எழும்பியது போல எல்லாம் எழும்பின. கொத்து வாங்கி, இறகு பறக்க, வந்த வழியே ஓடியது அது. அன்றைக்கு மரத்தில் ஒரே கும்மாளம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

புறாவுக்கு முறை வந்தது. "மதினி, குஞ்சு பால் பால்னு பிடுங்குது. இன்னிக்கு மட்டும் நீங்க பாத்துக்குங்க. என் பேருக்கு ஒரு சுள்ளி வச்சிடறேன்" என்றது. கரிச்சாளும் பிள்ளைக்காரிதான், மறுக்க முடியவில்லை.

கொண்டைக்குருவிக்கு அத்திமரத்தில் பழம் பழுத்துவிட்டது. அதுவும் ஒரு சுள்ளி வைத்துவிட்டுப் பறந்தது. மைனா ஒரு சுள்ளிக்கு இரண்டாக வைத்துவிட்டு, "அண்ணன் மாதிரிக் கண்ணு எங்களுக்கு ஏது? நீங்க நின்னாத்தான் மரத்துக்கே மரியாதை" என்றது.

மரியாதையை வைத்துக் குஞ்சுக்கு ஊட்ட முடியுமா? கரிச்சான் இறங்கினால் கரிச்சாள் ஏற வேண்டும். அவள் இறங்கினால் அவன் ஏற வேண்டும். ஒரு ஆள் தேடும் இரையில் குடும்பம் நடந்தது. புறாக்குஞ்சு உருண்டையாக இருந்தது. மைனாக்குஞ்சுக்குக் கழுத்தே தெரியவில்லை. கரிச்சாள் குஞ்சுகள் வாயைத் திறந்தது திறந்தபடி கிடந்தன. மூத்ததற்குச் சிறகு முளைக்கும் பருவம், தோளெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

கடைசியில் கரிச்சாள் கூட்டத்தைக் கூட்டினாள். "உங்க முறை எங்க போச்சு?" என்று நேராகக் கேட்டாள்.

மைனா உச்சிக்கிளையைக் காட்டியது. சுள்ளிகள் வைக்கோல்போர் போலக் குவிந்திருந்தன. "அதைப் பாருங்க மதினி. எங்க பங்கு எவ்வளவு கிடக்கு! சொன்னா வருத்தப்படாதீங்க, அதுல உங்க வீட்டுச் சுள்ளிதான் கம்மி. அன்னிக்கு வச்ச ஒண்ணோட சரி."

"நான்தான் தினமும் அங்க நிக்கிறேனே!"

"நிக்கிறது வேற, பங்கு வேற" என்றது கொண்டைக்குருவி. புறா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

"வல்லூறு வந்தா உங்க சுள்ளியா போய்க் கொத்தும்?"

எல்லாம் சிரித்தன. கரிச்சான்தான் அவளைக் கூட்டுக்கு இழுத்து வந்தான். "விடும்மா. நம்ம குஞ்சுக்கும் சேத்துத்தானே நிக்கிறோம்" என்றான். அவளுக்கு ஆறவில்லை. இருந்தாலும் மறுநாள் விடிந்ததும் இரை தேடப் போனாள். அவன் காவலுக்கு ஏறினான்.

அந்தச் சுள்ளிப்போர் பனந்தோப்பு இருந்த பக்கத்தை அப்படியே மறைத்திருந்தது. அந்த மறைப்பிலேயே, தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வந்தது வல்லூறு. கரிச்சான் கண்ணில் படும்போது அது புறாக்கூட்டின் மேலேயே இருந்தது.

"வந்துட்டான்! எழும்புங்க! எல்லாரும் எழும்புங்க!"

ஒரு சிறகும் அசையவில்லை. மைனா பொந்துக்குள் போய்விட்டது. கொண்டைக்குருவி இலைக்குள் ஒடுங்கிவிட்டது. புறா தன் குஞ்சின் மேலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரிச்சான் தன்னந்தனியாகப் பாய்ந்தான். பிடரியில் ஏறிக் கொத்திக் கொத்தி வல்லூறைப் புறாக்கூட்டிலிருந்து கிளப்பிவிட்டான். அது ஒரே உதறலில் அவனைக் கீழே தள்ளியது. அவன் சுதாரித்து எழும்புவதற்குள், திரும்பிப் போகிற வழியில், காவலுக்கு ஆளில்லாத கரிச்சான் கூட்டிலிருந்து மூத்த குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

வாயில் வெட்டுக்கிளியோடு வந்த கரிச்சாள் அதைப் பார்த்துவிட்டாள். துரத்தினாள். ஏரி நடுவரை துரத்தினாள். எட்டவில்லை.

அவள் திரும்பியபோது எல்லோரும் துக்கம் கேட்கக் கூடியிருந்தார்கள். மைனா முன்னால் வந்தது. "ஐயோ மதினி, நாங்க என்னத்தச் சொல்ல..." என்று இழுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்திருந்த புதுச் சுள்ளிகளை அவள் முன்னால் வைத்தது.

சுள்ளிகள்! பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால்!

கரிச்சாள் விருட்டென்று எழும்பினாள். உச்சிக்கிளைக்கு ஏறினாள். காலால் உதைத்தாள், அலகால் இழுத்தெறிந்தாள். போர் மொத்தமும் சரசரவென்று அவர்கள் தலைமேலேயே சரிந்தது. கிளை மொட்டையானதும், நாலு பக்கமும் வானம் தெரிய அதில் உட்கார்ந்து சொன்னாள்.

"இனிமே முறை கிடையாது, சத்தியம் கிடையாது. என் மிச்சக் குஞ்சுங்க இந்த மரத்துலதான் இருக்கு, அதனால நான் நிப்பேன். வல்லூறு வந்தாலும் பருந்து வந்தாலும் பிடரியில ஏறிக் கொத்துவேன். ஆனா என் குஞ்சுக்கு இரை நீங்கதான் தேடணும்."

"நாங்களா? தேடிக் கொண்டாந்து கொடுக்கணுமா?" என்று வாயைப் பிளந்தது கொண்டைக்குருவி.

"நீங்க கொடுக்கிற லட்சணத்தைத்தான் பாத்தாச்சே. நானே எடுத்துக்குவேன்."

அந்த நேரம் பார்த்து மைனாவின் புருஷன் வாயில் கொழுத்த புழுவோடு வந்து இறங்கினான். கரிச்சாள் அம்பு மாதிரி இறங்கினாள். புழு போய்விட்டது. கண்ணெதிரிலேயே அதைத் தன் குஞ்சுக்கு ஊட்டினாள்.

"பகல் கொள்ளை!" என்று அலறியது மைனா. "வாங்க எல்லாரும், வேற மரம் போவோம். இவ மட்டும் தனியா கெடக்கட்டும்."

"தாராளமாப் போங்க" என்றாள் கரிச்சாள்.

பக்கத்துப் புங்கமரத்தில் போய் உட்கார்ந்தார்கள். பனந்தோப்பிலிருந்து வல்லூறு கிளம்பிப் புங்கமரத்தின் மேலே ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டம் இன்னும் தாழ்வாக இருந்தது. மூன்றாவதுக்கு யாரும் காத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, தலையைக் குனிந்தபடி இலுப்பை மரத்துக்குள் நுழைந்துகொண்டார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கரிச்சான் இலை மறைக்காத மொட்டைக் கிளையாகப் பார்த்து உட்காருவதும், தன்னைவிடப் பெரிய வல்லூறையும் பருந்தையும் ஒற்றையாளாக விரட்டுவதும், மற்றப் பறவைகள் தேடிய இரையை அவற்றின் வாயிலிருந்தே பிடுங்கித் தின்பதும். புறா வாயில் வெறும் தானியம் என்பதால் அது மட்டும் தப்பித்தது. மைனா இன்றைக்கும் கொள்ளை கொள்ளை என்றுதான் கத்துகிறது. கத்தி முடித்துவிட்டு, முட்டையிட இடம் தேடும்போது, கரிச்சான் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறது.