‘போதும்’ சொல்ல ஆளில்லாத இலை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கயிறு மில். அங்கே கஜபதி என்று ஒரு சிஸ்டம் மேனேஜர். தான் நடந்து வந்தால் சுவர்க்கடிகாரமும் எழுந்து நிற்கணும் என்று நினைப்பவர். ஒரு வாரமாக ஆபீஸ் லினக்ஸ் கம்ப்யூட்டரில் பேக்கப் பாதியிலேயே தொங்கி நின்றது. பழியைப் புதிதாகச் சேர்ந்த பவளக்கொடி தலையில் போட்டார்.

"மத்தியானத்துக்குள்ள முடிக்கோணும். இல்லீன்னா நாளையிலிருந்து வராதே!" என்றார், முதலாளியம்மா காதில் விழும்படி.

பவளக்கொடி நான்கு முறை ஓட்டிப் பார்த்தாள். நான்கு முறையும் ஒரே ஃபோல்டரில் நின்றது. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

"அது தொங்கலீங்க சார், காத்துக்கிட்டு நிக்குது. பந்தியில சாம்பார் வாளிக்காரன், இலையில உக்காந்தவரு 'போதும்'னு சொன்னாத்தானே அடுத்த இலைக்குப் போவான்? இங்க ஒருத்தர் இலையை விட்டு எந்திரிச்சுப் போயிட்டாருங்க."

"யாரும்மா அது?" என்றார் முதலாளியம்மா.

"ஃபோல்டர் பேரு கஜபதிங்க. அது இருக்கறது சார் ரூம் கம்ப்யூட்டர்ல, இங்கிருந்து அதுக்கு ஒரு இணைப்பு மட்டுந்தான். அதைத்தான் வீட்டம்மா சீரியல் பாக்கட்டும்னு போன வாரம் நம்ம வேன்லயே சார் கொண்டு போயிட்டாருங்களே!"

முதலாளியம்மா கஜபதியைத் திரும்பிப் பார்த்தார். பவளக்கொடி அந்த இணைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பேக்கப் பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்க, கஜபதி இலையை மறிப்பதுபோல் கையை நீட்டி, "போதும், போதும்!" என்றார்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, அது அப்பவே நகர்ந்திருக்குமுங்க சார்!"