மாமா வாயைத் திறந்தார்

நஞ்சு உண்டு இறந்தவர் உடல் நீலமாகிவிடும் என்று கற்றவரும் மற்றவரும் நம்பி வருகிறார்கள். மிகுந்த மனவேதனையுடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. நஞ்சால் நீலமானது சிவபெருமானின் கழுத்து. கழுத்து மட்டும். அவர் இறக்கவும் இல்லை. உயிரோடு இருக்கும் ஒரே ஒரு கழுத்தை ஆதாரமாக வைத்து, உலகத்துப் பிணங்களுக்கெல்லாம் விதி வகுப்பது முறையன்று.

இந்தப் பிழையால் கொன்றையூர் அரண்மனைச் சமையற்காரி வெயிலாள் யானையின் காலடியில் போக இருந்தாள்.

கொன்றையூர் மன்னர் வீரகேதுவின் தாய்மாமன் தடிவீரர். சித்திரை வெயிலில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. முகம், கழுத்து, மார்பு எல்லாம் நீலம். அரண்மனை வைத்தியர் நஞ்சுண்ட பண்டிதர் ஓடிவந்தார். வாசற்படியோடு நின்றார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார்.

“விஷம்! சாப்பாட்டில் விஷம்!”

“கிட்டே போய்ப் பார்க்கவில்லையே, பண்டிதரே?” என்றார் பலவேசம். அரசவையில் வாய் நீண்டவர் என்று பெயரெடுத்தவர் இவர்.

“பிணத்தைத் தொட்டால் தலைமுழுக வேண்டும், ஐயா. எனக்கு ஜலதோஷம்.”

காவலர்கள் கட்டி இழுத்துவந்த வெயிலாள், கட்டிய கைகளோடு கும்பிட்டு அழுதாள். “மகாராசா, அவுக சாப்பிட்ட அதே குழம்பைத்தான் நானும் சாப்பிட்டேன். நான் நீலமாவா இருக்கேன்?”

“விஷம் வைக்கத் தெரிந்தவளுக்கு மாற்று மருந்து தெரியாதா?” என்றார் பண்டிதர்.

மன்னர் கொதித்தார். “இனி ஒரு பேச்சும் வேண்டாம். மாமாவே வாயைத் திறந்தால் ஒழிய இவளை விடமாட்டேன். பொழுது சாய்ந்ததும் யானையைக் கொண்டுவாருங்கள்!”

“மாமா வாயைத் திறந்தால் விட்டுவிடுவீர்களா, அரசே?” என்று கேட்டார் பலவேசம்.

“விட்டுவிடுவேன்.”

“அரச வாக்கு?”

“வாக்குத்தான். உம்மால் ஆனதைப் பாரும்.”

பலவேசம் ஓர் ஈரத்துணி கேட்டு வாங்கினார். தடிவீரரின் கன்னத்தை அழுந்தத் துடைத்தார். துணி நீலமானது, கன்னம் கோதுமை நிறமானது. தடிவீரர் அன்றுதான் அவுரிச் சாயம் போட்ட புது அங்கியைப் போட்டிருந்தார். வியர்க்க வியர்க்க, அதற்கு இணையான புது நீலத் துண்டால் முகத்தையும் துடைத்திருந்தார்.

“பண்டிதரே, உங்கள் விஷத்தின் சாயம் வெளுத்துவிட்டது.”

“நீலம் போனால் என்ன?” பண்டிதர் விடவில்லை. “ஆள் செத்தது செத்ததுதானே! எதனால் செத்தார், சொல்லும் பார்ப்போம்!”

“நான் யார் சொல்ல? அவரே சொல்வார்.” பலவேசம் கட்டிலில் உட்கார்ந்தார். “மன்னிக்கணும் மாமா,” என்று தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். இரண்டு விரலை விட்டுத் துழாவி, தொண்டையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தார். சின்ன எலுமிச்சம்பழ அளவு. மேலே சுற்றிய வெள்ளி ரேக்குத் தகடு கூடக் கலையவில்லை.

“அரசே, மாமா வாயைத் திறந்துவிட்டார்.”

வெயிலாள் எட்டிப் பார்த்தாள். “இது என் அடுப்புல வெந்தது இல்லை, மகாராசா! வெள்ளி ரேக்கு சுத்துறது பண்டிதர் வீட்டு வேலை.”

எல்லாரும் பண்டிதரைப் பார்த்தார்கள்.

“ஆயுள்விருத்தி உருண்டை…” பண்டிதரின் குரல் இறங்கியது. “சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. கடிக்காமல் விழுங்கினால் நூறு வயது நிச்சயம்.”

“மாமாவுக்கு அறுபத்திரண்டு,” என்றார் பலவேசம். “மீதி வருஷங்களை உங்களிடமே வாங்கிக்கொள்ளலாமா?”

மன்னர் கைகாட்ட, காவலர்கள் வெயிலாளின் கட்டை அவிழ்த்தார்கள். பிறகு மன்னர் பண்டிதரைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

பண்டிதர் வாசற்படியைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார். “அரசே, மாமாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். தலைமுழுகினாலும் பரவாயில்லை!”

“எதற்கு? ஜலதோஷம் கூடிவிடும்,” என்றார் பலவேசம். “நீங்கள் தலைமுழுக வேண்டாம். அரசர் உங்களைத் தலைமுழுகிவிட்டார்.”

மாமா கிடக்கிறாரே என்று மன்னர் மேல்துண்டால் வாயைப் பொத்தினார். துண்டையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிப் பலவேசத்துக்குப் போட்டார். கொன்றையூரில் இனிக் காரணம் தெரியாத சாவு எதுவானாலும், பலவேசம் பார்த்த பிறகே பிணத்தை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

புதிதாக வந்த வைத்தியர் உருண்டைகளை மிளகு அளவில் உருட்டினார்.