வாத்துக் குழம்பும் பால் பாயசமும்

நாலு கால்காரி ஒருத்தி, இரண்டு கால்காரி குரல் கொடுத்தால்தான் பால் தருவாள். அந்த இரண்டு கால்காரி யார், சொல் பார்க்கலாம்?

வாத்துதான். மிராசுதார் துரைராசு வீட்டு எருமை தன் கன்றை இழந்ததிலிருந்து அந்த வாத்தோடுதான் சிநேகம்.

ஒருநாள் துரைராசு, பால் கறப்பவளின் மகள் செவ்வந்தியைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை வருகிறார். வாத்தைக் குழம்பு வைக்கச் சொல். பாயசத்துக்கு எருமைப் பாலும் வரவேண்டும்."

"வாத்து இல்லாமல் எருமை பால் தராதுங்க, ஐயா."

"எனக்கே மாடு பற்றிச் சொல்லித் தருகிறாயா? வாத்தை அப்பால் கொண்டு போ. நானே கறக்கிறேன்!"

செவ்வந்தி வாத்தைக் கிணற்றடியில் விட்டு வந்தாள். துரைராசு புண்ணாக்கு வைத்தார், தடவிக் கொடுத்தார். எருமை வாலால் அவர் முகத்தில் அடித்தது. பால் மட்டும் வரவில்லை.

"குரலாவது கொடுத்துப் பாருங்க, ஐயா."

துரைராசு சுற்றுமுற்றும் பார்த்தார். "குவா" என்றார் மெதுவாக.

"அதற்குக் காது கொஞ்சம் மந்தம்."

"குவா! குவா! குவா!"

செம்பில் பால் சர்ரென்று இறங்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை வந்து நின்றிருந்தார்.

"தினமும் இரண்டு வேளை கறக்கணும், ஐயா" என்றாள் செவ்வந்தி. "வாத்து குழம்பாகிவிட்டால் நீங்கள்தான் வரணும்."

"எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பே போதும், மாமா" என்றார் மாப்பிள்ளை.

துரைராசு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்டிக்காரிதான் நீ. பட்டுப் பாவாடை வேண்டுமா, அந்த வாத்து வேண்டுமா?"

செவ்வந்தி வாத்தைக் கேட்டாள். அதைத் தொழுவத்திலேயே விட்டாள்.