கரடி தூக்கிட்டு வந்த எல்லைக்கல்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கல்லெல்லாம் பேசிக்கிட்டு இருந்த காலம். பேசி உருப்படியா ஒண்ணும் சொல்லாத காலம்னும் வெச்சுக்கலாம். அப்போ பொன்மேடுன்னு ஒரு ராச்சியம். அதுல ஒரு மலைக்காடு. காட்டு அடிவாரத்துல நீர்க்குறிச்சின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல அங்காயின்னு ஒருத்தி. அவ வாய்க்குப் பயந்து கொசுகூட அவ வீட்டுப் பக்கம் போகாது.

காட்டுக்குள்ள ஒரு ஊத்துக்கண்ணு இருக்கு. அதுல பொறந்து வர்ற ஓடைதான் ஊருக்கே குடிதண்ணி. வருசா வருசம் சித்திரையில ஊர்ப் பொம்பளைங்க மேல போயி, ஊத்துல அடைஞ்ச மண்ணையும் சருகையும் கொட்டாங்குச்சியால அள்ளிப் போடுவாங்க. கொட்டாங்குச்சி மட்டுந்தான். மம்பட்டி ஆகாது, கடப்பாரை ஆகாது, ஊசிகூட ஆகாது. இரும்பு பட்டா ஊத்து கண்ணை மூடிக்கும்னு ஊர்க்கட்டு.

அப்போ ராசாவோட ஆளுங்க தெனமும் நாப்பது வண்டி மரம் வெட்டி ஏத்துவாங்க. காடு மொட்டை போட்ட மாதிரி ஆகிப்போச்சு. ஒருநாள் ராசா வேட்டைக்கு வந்தாரு. ஒரு முயல்கூட சிக்கல. வந்துச்சே கோவம்! மந்திரவாதி குறளிமுத்தைக் கூப்பிட்டாரு.

"இனிமே இந்தக் காட்டுக்குள்ள மனுசக் காலடியே படக்கூடாது!"

குறளிமுத்து காட்டைச் சுத்திக் கல்லா நட்டு, ஒவ்வொரு கல்லுலயும் மந்திரத்தை ஓதிவிட்டான். அதுக்கப்புறம் யாரு கிட்ட போனாலும் கல்லு கத்தும்: "காலை எடு! ஆணை ஆணைதான்!" மீறி உள்ள வெச்சா, கால் அங்கயே தரையோட ஒட்டிக்கும்.

நல்லது நடக்கலையான்னா, நடந்துச்சு. பொய் சொல்லப்படாது. மரவண்டி நின்னுச்சு. மூணே வருசத்துல மூங்கி ஆளுயரம் வந்துச்சு. ஓடிப்போன இருவாச்சிப் பறவை திரும்பி வந்துச்சு. அங்காயியே தூரத்துல நின்னு பாத்து, "அடி ஆத்தி, என்னா அழகு!"ன்னு வாயைப் பொளந்தா.

ஆனா ஊத்தை யாரு அள்றது? மொத வருசம் ஓடை மெலிஞ்சுது. ரெண்டாம் வருசம் நூலா வந்துச்சு. மூணாம் வருசம் சொட்டு சொட்டா ஒழுகுச்சு. ஆடிக்குள்ள தண்ணி வரலேன்னா ஊரையே காலி பண்ணணும்னு ஆளாளுக்கு மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

ஒருநாள் காலையில அங்காயி ஓடைப் பள்ளத்துக்குக் குடத்தோட போனா, வரிசையில அவளுக்கு முன்னாடி ஒரு கரடி நிக்குது.

"நீ எங்கடா இங்க?"

"தண்ணிக்குத்தான்க்கா. காட்டைக் காப்பாத்துறேன்னு காட்டையே தாகத்துல போட்டுட்டாங்களே."

அங்காயிக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. நேரா எல்லைக்கல்லுகிட்ட போனா. "ஏ கல்லே, கொட்டாங்குச்சியோட நாலு பேரை உள்ள விடு."

"எனக்கென்னம்மா தெரியும்? மந்திரம் போட்டவரைக் கேளு."

அரை நாள் நடந்து குறளிமுத்துகிட்ட போனா. அவன் வெத்தலையை மென்னுக்கிட்டே, "நான் சொன்னதைச் செய்யிறவன். ஆணை போட்டவரைக் கேளு"ன்னான்.

இன்னொரு அரை நாள் நடந்து ராசாகிட்ட போனா. அவரு பலாச்சுளையை முழுங்கிட்டு, "ஆணை போட்டாச்சு, என் வேலை முடிஞ்சுது. வாசல்ல நிக்கிறது கல்லு. கல்லைக் கேளு"ன்னாரு.

கல்லு, மந்திரவாதி, ராசா. கல்லு, மந்திரவாதி, ராசா. மூணு சுத்து சுத்துனா. செருப்புதான் தேஞ்சுது. மூணாவது சுத்துல ராசாவே சலிச்சுப்போயி, "உன் தொல்லை தாங்கல. மொத்தக் கல்லையும் புடுங்கச் சொல்லிரட்டுமா? மரவண்டிக்காரனுங்களும் கோடாலியைத் தீட்டிக்கிட்டு அதைத்தான் கேக்குறானுங்க"ன்னாரு.

"ஐயோ சாமி, வேணாம்!"னு அலறிட்டு ஓடி வந்தா.

"என்னக்கா, மூஞ்சி கருகுன தோசையாட்டம் இருக்கு?"ன்னு கேட்டுது கரடி.

"கல்லு இருந்தா தண்ணி இல்ல. கல்லு போனா காடு இல்ல. மூணு பேரும் மூணு மூலையில ஒக்காந்துக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுறாங்க. மூணையும் ஒரே எடத்துல நிறுத்தணும்டா!"

"மந்திரம் மனுசனுக்குத்தானே? நான் மனுசனா?"

"உன்மேல அப்படியொரு பழியை யாரு சொல்லுவா?"

கரடி ஒரு கல்லை அப்படியே புடுங்கித் தோள்ல வெச்சுது. பக்கத்துக் கல்லு ரெண்டும் அந்த எடத்துக்கும் சேத்துக் கத்த ஆரம்பிச்சுது. அங்காயியும் கரடியும் அரமனைக்கு நடந்தாங்க. தோள்ல இருந்த கல்லு வழி நெடுக "ஆணை ஆணைதான்!"னு கத்திக்கிட்டே வந்துச்சு. அரமனையில தொப்புன்னு போட்டதும் வாயை மூடிக்கிச்சு. ராசா அரண்டுபோயி குறளிமுத்தை வரச்சொன்னாரு.

குறளிமுத்து கல்லைக் காட்டுனான். கல்லு "ராசாவைக் கேளு"ன்னுது. ராசா குறளிமுத்தைக் காட்டுனாரு.

"கை நீட்டுனது போதும்!"னா அங்காயி. "ராசா, காட்டை அழிச்சது எது?"

"மனுசந்தான்."

"நாப்பது வண்டி மரத்தையும் மனுசன் பல்லால கடிச்சா சாச்சான்? இரும்பு சாமி, இரும்பு! எங்க ஊத்துக்கு நாங்க ஊசிகூட கொண்டு போனதில்ல. அந்த ஊர்க்கட்டையே ஆணையாப் போடுங்க."

"அடப் போம்மா. எது கோடாலி, எது கொட்டாங்குச்சின்னு கல்லுக்கு எப்படித் தெரியும்?"னு சிரிச்சான் குறளிமுத்து.

"ஏன் தெரியாது?"ன்னுது கல்லு. "நூறு அடி தள்ளி வர்றப்பவே இரும்பு வாடை தூக்கலா வருமே."

"இதை ஏன் மூணு வருசமா சொல்லல?"ன்னாரு ராசா.

"யாரு கேட்டா?"

கரடி தலையில அடிச்சுக்கிச்சு.

"இரும்பு போகக்கூடாது, வெறுங்கை போகலாம்"னு ராசா ஆணையை மாத்துனாரு. குறளிமுத்து முணுமுணுத்துக்கிட்டே ஓதுனான். பழைய மந்திரம் பட்டுன்னு ஒடைஞ்சுது. "அப்போ அருவா? வெறகு எப்படி வெட்டுறது?"ன்னு ஊருக்குள்ள ஒரே பொருமல். அங்காயிக்கும் கடுப்புதான். இருந்தாலும் அவதான் மொத ஆளா அருவாளை எறவானத்துல சொருகிட்டு, விழுந்த சுள்ளியைப் பொறுக்கப் போனா.

மூணு நாள் ஊத்தை அள்ளுனாங்க. மூணாம் நாள் ஊத்து கண்ணைத் தொறந்துச்சு. ஓடை ஊருக்குள்ள ஓடி வந்துச்சு. கட்டுன மூட்டையெல்லாம் அவுந்துச்சு.

அடுத்த சித்திரையில ராசா வேட்டைக்கு வந்தாரு. "வாளை வெச்சுட்டு வாங்க"ன்னுது கல்லு.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். ஆணை ஆணைதான்."

வாள் இல்லாம உள்ள வந்த ராசா முழிச்சுக்கிட்டு நின்னாரு. ஊத்தை அள்ளிக்கிட்டு இருந்த அங்காயி அவரு கையில ஒரு கொட்டாங்குச்சியைக் குடுத்தா. "வந்தது வந்துட்டீங்க. அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் மண்ணு கெடக்கு."

ராசா மண்ணை அள்ளுனாரு, ஓடை கரையைத் தொட்டுது, கதையும் கரை சேந்துச்சு.